கேகிள் பார்க்கின்சன் டேட்டா: படிக்க நாலு நட்சத்திரம், நோயைக் கணிக்க ஒன்றரை

மிக்சிக்கும் மெத்தைக்கும் மொபைலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், ஒரு டேட்டாசெட்டுக்கு யாரும் எழுதுவதில்லை. டேட்டா சயின்ஸ் படிக்கிறவர்கள் ராத்திரி பகலாக முட்டி மோதுவது அதில்தான், அதனால் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பொருள்: டேட்டா சயின்ஸ் போட்டிகள் நடக்கும் கேகிள் தளத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து மே வரை நடந்த ஏஎம்பி பார்க்கின்சன் போட்டியின் டேட்டா. பரிசுத் தொகை 60,000 டாலர், கலந்துகொண்ட அணிகள் 1,800-க்கு மேல். நடத்தியது ஆக்சிலரேட்டிங் மெடிசின்ஸ் பார்ட்னர்ஷிப் என்ற கூட்டமைப்பு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை, சில மருந்துக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து 2018-இல் இதன் பார்க்கின்சன் பிரிவைத் தொடங்கின.

கேள்வி கேட்பதற்கு எளிமையாக இருக்கும். ஒரு நோயாளி இன்று ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். இன்று அவருடைய நிலைமை எவ்வளவு என்று சொல்ல வேண்டும், அதோடு இன்னும் 6 மாதம், 12 மாதம், 24 மாதம் கழித்து எவ்வளவு இருக்கும் என்றும் இப்போதே சொல்ல வேண்டும். கையில் கொடுத்திருப்பது அவருடைய தண்டுவட நீரில் இருந்த புரதங்களின் அளவு. புரதத்தில் ஏதாவது தடயம் இருந்தால், யாருக்கு நோய் வேகமாக முற்றும், யாருக்கு மெதுவாகப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கும் எங்கே குறிவைப்பது என்று புரியும். நியாயமான ஆசைதான்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முக்கியமான கோப்புகள் நான்கு. மருத்துவ விவரம் ஒன்று, அதில் 248 பேர், மொத்தம் 2,615 வருகைகள், முதல் நாளிலிருந்து 108-ஆம் மாதம் வரை, அதாவது ஒன்பது வருடம். புரதக் கோப்பு ஒன்று, 227 வகைப் புரதங்கள். அந்தப் புரதங்களைத் துண்டு துண்டாக அளந்த பெப்டைடு கோப்பு ஒன்று, 968 வகை, பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வரிகள். நான்காவதாக ஒரு துணைக் கோப்பு, அதில் 771 பேர் இருக்கிறார்கள், ஆனால் புரதம் கிடையாது, ஸ்கோர் மட்டும்தான், அதுவும் 36 மாதம் வரைதான். கோப்புகள் சுத்தமாக இருக்கின்றன, எதை எதோடு இணைக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை, நோயாளி எண்ணும் மாதமும் சேர்ந்ததுதான் வருகை எண். சாதாரண லேப்டாப்பில் தாராளமாக ஓடும். இந்த வகையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

2,615 வருகைகளில் எல்லாவற்றுக்கும் புரதம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்கும் குறைவான வருகைகளுக்குத்தான் இருக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ரத்தம் எடுப்பது போல தண்டுவட நீரை எடுக்க முடியாது, முதுகை வளைத்துப் படுக்கவைத்து கீழ்முதுகில் முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசி போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் யார் சம்மதிப்பார்கள்? போட்டியில் பேசிக்கொண்டவர்கள் பலர் இதை ‘ரத்தப் பரிசோதனை’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள், அதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

அப்புறம் ஸ்கோர். கணிக்க வேண்டியது எம்டிஎஸ்-யுபிடிஆர்எஸ் என்ற மதிப்பீட்டின் நான்கு பகுதிகள். இயக்கக் கோளாறுகளுக்கான சர்வதேசச் சங்கம் பழைய அளவுகோலைத் திருத்தி 2008-இல் வெளியிட்டது இது. முதல் பகுதி தூக்கம், மனச்சோர்வு, மலச்சிக்கல், மறதி போன்றவை. இரண்டாவது, சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது, நடப்பது என்று அன்றாட வேலைகளில் நோயாளியே உணரும் சிரமம். மூன்றாவதில் டாக்டர் எதிரே உட்கார்ந்து விரலைத் தட்டச் சொல்லி, காலைத் தரையில் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பார்த்து மார்க் போடுவார். நான்காவது, மருந்தை நீண்ட நாள் எடுப்பதால் வரும் சிக்கல்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை. கூட்டினால் முதல் இரண்டுக்கும் அதிகபட்சம் 52, மூன்றாவதுக்கு 132, நான்காவதுக்கு 24.

மார்க் அதிகமானால் நோய் மோசம், இதுவரை சரி. ஆனால் இந்த மார்க் மூளையில் எத்தனை செல் செத்தது என்று எண்ணிப் போட்டதில்லை. அன்றைக்கு அந்த நேரத்தில் அந்த டாக்டருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அது. என் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து பல வருடம் ஆகிறது. மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்வார், அடுத்த மாத்திரைக்கு முன்னால் பார்த்தால் நாற்காலியிலிருந்து எழவே ஆள் வேண்டும். “இங்க வந்தா மட்டும் நல்லா நடக்குறாரு டாக்டர், வீட்டுல வந்து பாருங்க” என்று பெரியம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வார். மாத்திரை என்றால் லெவோடோபா. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும், அளவு ஏறி இறங்கும், கூடவே மனுஷனும் ஏறி இறங்குவார்.

அதனால் மூன்றாம் பகுதி ஸ்கோரைப் பார்க்கும்போது மருந்து வேலை செய்துகொண்டிருந்ததா இல்லையா என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. டேட்டாவில் அதற்கென்று ஒரு பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) இருக்கிறது, ‘ஆன்’ அல்லது ‘ஆஃப்’ என்று. திறந்து பார்த்தால் ஏறக்குறைய பாதி வரிகள் காலி. இதுதான் இந்த டேட்டாவின் மிகப்பெரிய ஓட்டை என்பது என் கருத்து, ஆனால் லீடர்போர்டில், அதாவது போட்டியின் தரவரிசைப் பட்டியலில், இதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. ஏன் என்பது கீழே தெரியும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம்: மூன்றாம் பகுதியில் சுமார் 3.25 புள்ளி குறைந்தால்தான் நோயாளிக்கு உண்மையிலேயே தேறியது போலிருக்கும், 4.63 புள்ளி கூடினால்தான் மோசமானது போலிருக்கும் என்று 2015-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. ஒரு மாத்திரை இடைவெளியில் நடக்கும் மாற்றமே அதைத் தாண்டிவிடும். ஒரு வருட முற்றலை அந்த இரைச்சலுக்கு நடுவில் தேட வேண்டும்.

இனி மதிப்பெண் போட்ட விதம். இதுதான் எனக்குப் பிடிக்காத இடம், ஆனால் பாடம் கற்க அருமையான இடமும் இதுதான். ஸ்மேப் என்ற அளவீட்டை வைத்திருந்தார்கள், பிழையைச் சதவீதமாகப் பார்க்கும் அளவீடு. உண்மையான ஸ்கோர் 0, நீங்கள் 1 என்று சொல்லிவிட்டால் பிழை 200 சதவீதம். அது ரொம்பவே அநியாயம் என்பதால் இரண்டு பக்கமும் 1 கூட்டிக் கணக்குப் போட்டார்கள். கூட்டிய பிறகும் அதே தவறுக்கு 67 வருகிறது. உண்மை ஸ்கோர் 40 இருக்கும் ஒருவருக்கு நீங்கள் 44 சொன்னால், அதாவது மருத்துவ ரீதியாகக் கவனிக்கத்தக்க அளவு தப்பாகச் சொன்னால், வெறும் 9 சொச்சம்தான்.

விளைவு என்ன? நோய் முற்றியவர்களைச் சரியாகக் கணிப்பதை விட, ஒன்றும் இல்லாதவர்களை ‘ஒன்றும் இல்லை’ என்று சரியாகச் சொன்னால்தான் மார்க். நான்காம் பகுதியில் பெரும்பாலானவர்களுக்கு 0 அல்லது காலி, அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் 0 போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம், பலரும் அதைத்தான் செய்தார்கள். மற்ற பகுதிகளிலும் மாடல்கள், அதாவது டேட்டாவிலிருந்து கற்றுக் கணிக்கும் புரோகிராம்கள், கொஞ்சம் தாழ்த்தியே சொல்லக் கற்றுக்கொண்டன. இதை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், யாருக்கு மிக அதிகமாக உதவி தேவையோ அவர்களிடம்தான் இது அசட்டையாக இருக்கும்.

சரி, ஜெயித்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள் என்பதுதான் இந்தப் பொருளின் உண்மையான முகம். முதலிடம் வந்த அணி லைட்ஜிபிஎம் (முடிவு மரங்களை அடுக்கிக் கற்கும் முறை) ஒன்றும் நியூரல் நெட்வொர்க் ஒன்றும் செய்து இரண்டின் சராசரியை எடுத்தது. லைட்ஜிபிஎம்மில் ஸ்கோரை எண்ணாகக் கணிக்காமல், ஒவ்வொரு முழு எண்ணையும் ஒரு வகுப்பாக வைத்து நிகழ்தகவு வாங்கி, அதிலிருந்து ஸ்மேப் எந்த எண்ணுக்குக் குறைகிறதோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள், இந்த யோசனை உண்மையிலேயே அழகு. உள்ளே கொடுத்த விவரங்கள் என்னென்ன? வருகை எந்த மாதம், எத்தனை மாதம் முன்னோக்கிச் சொல்ல வேண்டும், அன்று மாதிரி எடுக்கப்பட்டதா இல்லையா, 6-ஆம், 18-ஆம், 48-ஆம் மாதங்களில் இந்த ஆள் வந்தாரா, துணைக் கோப்பைச் சேர்ந்தவரா. ஏறக்குறைய அவ்வளவுதான். புரதம்? ஒன்றுகூட இல்லை. 227 புரதமும் 968 பெப்டைடும் குப்பைக்கூடையில். அவர்கள் முயலாமல் விடவில்லை, நிறைய முயன்று பார்த்து, தற்செயலிலிருந்து பிரித்தறியக்கூடிய பயன் எதுவும் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள்.

யோசித்துப் பாருங்கள், முதுகில் ஊசி வாங்கிக் கொடுத்த மாதிரியிலிருந்து மாடல் எடுத்துக்கொண்டது ‘ஊசி போட்டார்களா’ என்ற ஒரே ஒரு ஆம்-இல்லை.

6-ஆம் மாத வருகையில் என்ன மாயம் என்று கேட்பீர்கள். அந்த மாதத்தில் வந்தவர்களுடைய ஸ்கோர், அப்போதும் பிறகும், வராதவர்களை விடக் கணிசமாக அதிகம். நோய் நிலை பற்றி ஒரு எழுத்து படிக்காமல், வருகைப் பதிவேட்டை மட்டும் வைத்தே இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம். எனக்குத் தோன்றும் விளக்கம் எளிது. இப்படிப்பட்ட நீண்டகால ஆய்வுகளில் நோயாளிகளோடு நோயில்லாதவர்களையும் ஒப்பீட்டுக்குச் சேர்ப்பார்கள். நோயாளியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார்கள், நன்றாக இருப்பவரை வருடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டால் போதும். ஆக ‘ஆறாம் மாதம் வந்தாரா’ என்ற கேள்வி ‘இவருக்கு நோய் இருக்கிறதா’ என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. டேட்டாவில் யார் நோயாளி, யார் ஒப்பீட்டாளர் என்ற பத்தி இல்லை. இருந்திருந்தால் இந்தக் குறுக்குவழி முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்திருக்கும், பிறகாவது நிஜமான கேள்விக்கு வந்திருப்பார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். கொடுத்த விதிக்குள் விளையாடினார்கள், கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதவும் செய்தார்கள். ஆனால் இதற்குப் ‘பார்க்கின்சன் முற்றுவதைக் கணித்தல்’ என்று பெயர் வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. முற்றுதல் என்றால் ஒரே ஆள் காலப்போக்கில் எப்படி மாறுகிறார் என்பது. இங்கே மாடல் கற்றுக்கொண்டது யார் யார் எந்தக் கூட்டம் என்பது. வெற்றி பெற்ற ஸ்மேப் 60-ஐ ஒட்டி இருந்தது, வெறும் இடைநிலை மதிப்பையும் மாதத்துக்கேற்ற ஒரு சாய்கோட்டையும் வைத்து ஓட்டினாலே அதற்கு ரொம்பத் தூரத்தில் நிற்க மாட்டீர்கள்.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ புரதத்தில் ஒன்றும் இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். 248 பேர், ஆளுக்குச் சில மாதிரிகள், ஆயிரத்துக்கு மேல் பத்திகள், கணிக்க வேண்டிய ஸ்கோரோ மாத்திரைக்கு மாத்திரை ஆடுவது. இந்தச் சூழலில் சமிக்ஞை இருந்தாலும் தெரியாது. அதே 2023 ஏப்ரலில், போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, ஆல்ஃபா-சைனூக்ளின் விதைப் பெருக்கச் சோதனை பற்றிய ஆய்வு லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. தண்டுவட நீரில் தப்பாக மடிந்த அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, 1,123 பேரிடம் செய்தது, பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7 சதவீதம் பேரைப் பிடித்தது. ஆக அந்த நீரில் விஷயம் இருக்கிறது. ஆனால் அது நோய் இருக்கிறதா இல்லையா என்பதற்கான பதில், எவ்வளவு வேகம் என்பது இன்னொரு கேள்வி. நம்மிடம் வேகமானி இன்னும் இல்லை.

சரி, யார் இதை எடுக்கலாம்? காலவரிசை டேட்டாவைக் கையாளக் கற்கும் யாரும் எடுக்கலாம். காலியிடங்களை எப்படிப் புரிந்துகொள்வது, காலியாக இருப்பதே எப்படி ஒரு தகவல், அளவீடு மாறினால் மாடலின் குணமே எப்படி மாறும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. நான் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் முதலில் புரதக் கோப்பைத் தொடவே விட மாட்டேன், மருத்துவக் கோப்பை மட்டும் கொடுத்து யார் எந்த மாதம் வந்தார்கள் என்று ஒரு படம் வரையச் சொல்வேன். பாதி உண்மை அதிலேயே வெளியே வந்துவிடும். ஸ்மேப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, சாதாரண சராசரிப் பிழையை வைத்து, ‘முதல் வருகையின் ஸ்கோரிலிருந்து இவர் எவ்வளவு மாறினார்’ என்று கேள்வியையும் மாற்றிப் போட்டால், அப்புறம் பாருங்கள், எந்த மாடலும் தலைகாட்டாது. அந்த ஏமாற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தித்தாளில் ‘ஏஐ மூலம் பார்க்கின்சனைக் கணிக்கலாம்’ என்று வரும் தலைப்புகளைப் படிக்க வேண்டும்.

கல்லூரி ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிட்டு யுசிஐ என்ற இலவச டேட்டா களஞ்சியத்தில் உள்ள குரல் டேட்டாவுக்குத்தான் போகிறார்கள். இரண்டு இருக்கின்றன. சின்னது 31 பேரின் 195 குரல் பதிவு, நோய் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்ல. நம் விஷயத்துக்குப் பொருந்துவது இன்னொன்று, ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த அதனாசியோஸ் சானாஸும் மேக்ஸ் லிட்டிலும் 2009-இல் கொடுத்தது. ஆரம்பகட்டப் பார்க்கின்சன் உள்ள 42 பேர், ஆறு மாதம், வீட்டிலேயே ஒரு கருவி முன்னால் ‘ஆ’ என்று இழுத்துச் சொன்ன 5,875 பதிவுகள். யோசனை பிரமாதம், ஊசி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை.

ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது, அதில் விழாத புராஜெக்ட் ரிப்போர்ட்டை நான் பார்த்தது அரிது. 5,875 வரிகளையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரித்தால், ஒரே ஆளின் குரல் இரண்டு பக்கமும் போய்விடும். மாடல் நோயைக் கற்காது, ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். வயது பத்தி வேறு கூடவே இருக்கிறது, கேட்கவே வேண்டாம். அடுத்தது, ஸ்கோரை டாக்டர் வாராவாரம் போடவில்லை, சில தடவை மட்டும் போட்டு நடுவில் உள்ளதை நேர்கோடு இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். அதாவது நீங்கள் கணிப்பது ஒரு கோட்டை. இந்த இரண்டும் தெரியாமல் ‘99 சதவீதத் துல்லியம்’ என்று ஸ்லைடு போடுகிறார்கள், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். ஆள்வாரியாகப் பிரித்து ஓட்டினால் அந்தத் துல்லியம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். கேகிள் டேட்டாவுக்கும் இதே எச்சரிக்கைதான்: பைதானில் குரூப் கே-ஃபோல்டு (ஒரு குழுவின் வரிகள் பயிற்சி, சோதனை இரண்டு பக்கமும் போகாமல் பிரிக்கும் முறை), குழு என்பது நோயாளி எண், இதில் சமரசமே வேண்டாம்.

நோயைப் பற்றி நிஜமாகவே அக்கறை உள்ளவர்களுக்கு, ஆராய்ச்சி மாணவர்களுக்கு, நான் பரிந்துரைப்பது மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை 2010-இல் தொடங்கிய பிபிஎம்ஐ என்ற நீண்டகால ஆய்வின் டேட்டா. புதிதாக நோய் கண்டறியப்பட்டு இன்னும் மருந்தே தொடங்காத 400-க்கு மேற்பட்டவர்களோடும், ஒப்பீட்டுக்கு 200 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களோடும் ஆரம்பித்தார்கள், பிறகு பெரிதாக விரித்தார்கள். காசு கிடையாது, ஆனால் விண்ணப்பம் போட வேண்டும், ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வேண்டும். கோப்புகள் எக்கச்சக்கம், முதல் தடவை திறந்தால் தலை சுற்றும், கேகிள் போல அழகாகக் கட்டிக் கொடுத்ததெல்லாம் இருக்காது. ஆனால் யார் நோயாளி, யார் இல்லை என்பது தெரியும், மருந்து எப்போது தொடங்கினார்கள் என்பது தெரியும், டோபமைன் ஸ்கேன் இருக்கிறது, மரபணு இருக்கிறது. கேகிள் டேட்டாவில் நான் திட்டித் தீர்த்த பாதி விஷயத்துக்கு இங்கே பதில் உண்டு.

இதே 2023-இல் கேகிளில் இன்னொரு பார்க்கின்சன் போட்டியும் நடந்தது. நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுமே, அந்த உறைதலைக் கீழ்முதுகில் கட்டிய சென்சாரை வைத்துக் கண்டுபிடிப்பது. அங்கே கேள்வியும் டேட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன, மாடலுக்குக் கிடைத்தது அசைவு, கேட்டதும் அசைவைப் பற்றி. கோப்புகள் பெரியவை, அதற்கு ஜிபியு (கணக்கை வேகப்படுத்தும் கிராஃபிக்ஸ் சிப்) உள்ள மெஷின் இருந்தால் நல்லது. அதைத் தனியாக எழுதுகிறேன்.